எந்தத் தட்டில்?

"சாப்ட்டீங்களா?" என்று கேட்டால் "ஆச்சு" என்று சொல்வது நம் ஆட்களுக்கு மூச்சு விடுகிற மாதிரி. கேட்கிறவர் தெரிந்துகொள்ளக் கேட்பதில்லை. சொல்கிறவரும் உண்மையைச் சொல்வதில்லை. பட்டினியாய்க் கிடந்தாலும் ஆச்சுதான், வயிறு வெடிக்கத் தின்றிருந்தாலும் ஆச்சுதான். இந்த ஒரு வார்த்தையோடு மல்லுக்கட்டுவதற்கு ஒருத்திக்குச் சம்பளம் கொடுத்தார்கள். வேலை பார்த்த இடத்தில் அவளுக்கு வைத்த பெயர் கேள்வியக்கா.

பாதி ஆயுசை அடுப்படியில் கழித்தவள். ஒரே மகள் கல்யாணமாகித் தூரமாகப் போய்விட, வீட்டில் பேசுவதற்கு ஆளில்லாமல் வாய் துருப்பிடித்துக் கொண்டிருந்தது. கணவர் பஸ் டிப்போவில் டயர் கழற்றி மாட்டுகிற வேலை. பேச்சில் கஞ்சன். நாலு வார்த்தை பேசினால் அன்றைக்கு மழை வரும். அப்போதுதான் தெருக்கோடியில் இருந்த உணவு ஆராய்ச்சி நிலையத்தில், "ஜனங்களிடம் பேசத் தெரிந்த பெண்கள் தேவை" என்று ஒட்டியிருந்தார்கள். "எனக்குன்னே அடிச்சு ஒட்டியிருக்கான்" என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு போய் நின்றாள். எடுத்துக்கொண்டார்கள்.

அங்கே தலைமையில் இருந்த டாக்டரம்மா சின்ன வயசுதான், ஆனால் விஷயம் தெரிந்தவள். முதல் நாளே எல்லாருக்கும் புரிகிற மாதிரி சொன்னாள்.

"பெரியவங்க தினம் என்ன சாப்பிடறாங்கன்னு கண்டுபிடிக்க ஒரு கேள்வித்தாள் செஞ்சிருக்கோம். ஆனா அந்தக் கேள்வித்தாளே சரியாச் சொல்லுதான்னு யாருக்குத் தெரியும்? கடையில தராசு வாங்கினா, அதுல சாமானை வைக்கறதுக்கு முன்னாடி தராசையே சோதிச்சுப் பாக்கணும் இல்லையா? அதுதான் நம்ம வேலை."

சோதனை இப்படி. ஒருத்தர் நேற்று என்ன சாப்பிட்டேன் என்று வாயால் சொல்வார். அதே நாளில் அவருக்கு ஒரு பெரிய கேன் கொடுப்பார்கள். காலையிலிருந்து மறுநாள் காலை வரை போகிற சிறுநீர் முழுவதையும் அதில் பிடித்துக் கொண்டுவர வேண்டும். பருப்பு, முட்டை, மீன் என்று எது தின்றாலும் அதன் மிச்சம் அந்தக் கேனில் வந்துதான் ஆக வேண்டும். வாய் சொன்னதும் கேன் சொன்னதும் ஒத்துப்போகிறதா என்று பார்த்தால் கேள்வித்தாளின் லட்சணம் தெரிந்துவிடும். சில பேர் பாதியை வழியில் விட்டுவிட்டு வருவார்கள் என்பதால், சாப்பாட்டோடு விழுங்க ஒரு மாத்திரையும் உண்டு. அது உடம்பில் தங்காது, அப்படியே வெளியே வந்துவிடும். மாத்திரை முழுசாக வந்திருந்தால் கேனும் முழுசு.

கேட்பதற்கும் ஒரு வழி சொல்லிக் கொடுத்தாள் டாக்டரம்மா. "என்ன சாப்ட்டீங்கன்னு மட்டும் கேட்டா, சாப்பிட வேண்டியதைச் சொல்லுவாங்க. எந்தத் தட்டுல சாப்ட்டீங்கன்னு கேளுங்க. தட்டு கண்ணுக்கு வந்தா அதுல இருந்ததும் வரும். தட்டை யாரு எடுத்தாங்க, மிச்சம் எங்க போச்சுன்னு கேளுங்க."

கேள்வியக்கா அந்தத் தட்டைப் பிடித்துக்கொண்டாள். அவள் முன்னால் உட்கார்ந்து ஒருத்தர் தப்பிக்க முடியாது.

"நேத்து ராத்திரி காய், பழம், கொஞ்சம் சோறு," என்பார் ஒரு வங்கிக்காரர், சட்டைப் பொத்தான் வயிற்றில் தெறிக்கக் காத்திருக்கும்.

"எந்தத் தட்டுல சாப்ட்டீங்க சார்?"

"தட்டு... தட்டு இல்லம்மா. காகிதத்துல சுத்தி இருந்துச்சு."

"பழத்தையா காகிதத்துல சுத்தினாங்க?"

அவர் அசட்டுச் சிரிப்புச் சிரிப்பார். பொரித்த கோழி வெளியே வரும்.

"நான் ஒண்ணுமே சாப்பிடலக்கா, சட்டியில ஒட்டினதை நின்னுக்கிட்டே வழிச்சுப் போட்டுக்கிட்டேன், அவ்வளவுதான்," என்பாள் ஒரு தையற்காரி.

"நின்னுக்கிட்டுத் தின்னா கணக்குல வராதா? வயித்துக்கு நாற்காலி தெரியுமா? சட்டி எவ்வளவு பெருசு, கையைக் காட்டு பாப்போம்."

இப்படி ஊரார் வயிற்றையெல்லாம் கிண்டிக் கிளறி எடுத்தவளுக்கு வீட்டுச் சங்கதி ஒன்று தெரியாமல் போனது. அதைத்தான் சொல்ல வந்தேன்.

வேலைக்குப் போக ஆரம்பித்த பிறகு அவள் காலையில் சீக்கிரம் கிளம்புவாள், சாயங்காலம் தாமதமாக வருவாள். காலையிலேயே சமைத்து, கணவருக்கு மத்தியானத்துக்கு டப்பாவில் கட்டி வைத்து, ராத்திரிக்கும் மூடி வைத்துவிட்டுப் போவாள். அவள் வரும்போது அவர் சாப்பிட்டு முடித்திருப்பார். தட்டு கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும். மத்தியான டப்பாவும் பளபளவென்று வரும்.

"எங்க வீட்டுக்காரர் இத்தனை வருஷத்துல ஒரு டம்ளரை நகத்தி வச்சதில்ல," என்று நிலையத்தில் பீற்றிக்கொண்டாள். "இப்ப டப்பாவைக் கழுவிக் கொண்டாறாரு. நான் சம்பாதிச்சதும் மரியாதை வந்துடுச்சு பாத்தீங்களா."

அவர் இடுப்பு வாரில் புதுசாக ஆணியால் ஒரு ஓட்டை போட்டிருந்தார். அதையும் பார்த்தாள். "எண்ணெயைக் குறைச்சேன், உப்பைக் குறைச்சேன், தொந்தி போச்சு" என்று அதற்கும் மாலையைத் தன் கழுத்திலேயே போட்டுக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை அவர், "வாரம் பூரா உன் சமையலைத் தாங்குது, வயித்துக்கும் ஒருநாள் லீவு விடு" என்று வெறும் கஞ்சியை மட்டும் ஆற்றிக் குடிப்பார். "வாய்க்கொழுப்பு குறையல" என்று கரண்டியைத் தூக்கிக் காட்டுவாள். இரண்டு பேரும் சிரிப்பார்கள்.

சோதனைக்கு ஆள் போதவில்லை. கேனைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் போக யாருக்குத்தான் மனசு வரும்? "வீட்டுல இருக்கற பெரியவங்களைக் கேட்டுப் பாருங்க, ஆனா அவங்களை வேற ஆள்தான் கேள்வி கேக்கணும்" என்றாள் டாக்டரம்மா.

"எங்க வீட்டுக்காரர் வேத்து ஆள்கிட்ட வாயே திறக்க மாட்டாரு டாக்டரம்மா. நானே கேட்டாதான் உண்டு."

டாக்டரம்மா யோசித்தாள். பிறகு, "சரி, ஒரு கேள்வியும் விடாமக் கேளுங்க" என்று விட்டுவிட்டாள்.

கேனைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. "இது எதுக்கு?"

"தண்ணி எவ்வளவு குடிக்கறீங்கன்னு பாக்கறாங்களாம்," என்று அவசரத்தில் ஏதோ ஒன்றைச் சொல்லி வைத்தாள். விளக்கினால் வெட்கப்பட்டு மாட்டேன் என்பாரே என்ற பயம். "இந்த மாத்திரையைச் சாப்பாட்டோட முழுங்கணும்."

அவர் மாத்திரையைக் கரண்டியால் நசுக்கித் தண்ணீரில் கரைத்தார்.

"சின்னப் புள்ளையா நீங்க? முழுங்கத் தெரியாது?"

"கசப்பு," என்றார்.

கசக்கிற மாத்திரையை யாராவது கரைத்துக் குடிப்பார்களா? அவளுக்கு அது அப்போது தோன்றவில்லை.

மறுநாள் சாப்பாட்டு மேசையில் எதிரே உட்காரவைத்துக் கேட்டாள்.

"நேத்து மத்தியானம்?"

"சோறு, பருப்பு, ரெண்டு முட்டை, பீன்ஸ். பீன்ஸ்ல உப்பு கம்மி."

"உப்பைப் பத்தி யாரும் கேக்கல. ராத்திரி?"

"மீன் ரெண்டு துண்டு. ஒண்ணு தலைப்பக்கம். சோறு. மிச்ச பருப்பு."

ஒன்று விடாமல் வரிசையாகச் சொன்னார். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. மற்றவர்கள், "இருங்க... அது நேத்தா முந்தாநாளா" என்று மோட்டுவளையைப் பார்ப்பார்கள். இவர் பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் ஒப்பிக்கிற மாதிரி ஒப்பித்தார். தட்டுக் கேள்வியை அவள் கேட்கவே இல்லை. தன் வீட்டுத் தட்டு தனக்குத் தெரியாதா என்ன? நாலு எவர்சில்வர் தட்டு, அதில் ஒன்று நசுங்கல். அதைப் போய் ஒரு கேள்வி என்று கேட்பதா?

அங்கேதான் கோட்டை விட்டாள்.

கொஞ்ச நாள் கழித்து டாக்டரம்மா அவளைத் தனியாகக் கூப்பிட்டாள். கதவைச் சாத்தினாள். கதவைச் சாத்துகிற டாக்டர் நல்ல சேதி சொன்னதாகச் சரித்திரம் இல்லை.

"அக்கா, உங்க வீட்டுக்காரர் கேனும் கேள்வித்தாளும் ஒத்தே போகல."

"பாதியை டிப்போவுல விட்டுட்டு வந்திருப்பாரு. ஆம்பளைங்க புத்தி. இன்னைக்கு வீட்டுக்குப் போய் வச்சுக்கறேன்."

"மாத்திரை முழுசா வந்திருக்கு. ஒரு சொட்டு வெளிய போகல."

"அப்போ உங்க மிஷின் தப்பு."

"ரெண்டு தடவை பாத்துட்டேன் அக்கா. அவர் சொன்னதுல கால்வாசி கூட அவர் உடம்புக்குள்ள போகல."

கேள்வியக்காவுக்கு முதலில் வந்தது கோபம். காலையில் கண் திறக்காமல் எழுந்து சமைத்து வைத்தது எங்கே போகிறது? பிறகு வேறொரு நினைப்பு வந்தது. குரலைத் தாழ்த்தினாள்.

"வேற... வேற எங்கயாவது, யார் வீட்லயாவது சாப்பிடறாரோ?"

"யார் வீட்ல சாப்ட்டிருந்தாலும் கேன்ல வந்திருக்கும். அவர் எங்கயுமே சாப்பிடல."

இன்னொருத்தி இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்குமே என்று ஒரு மனைவி ஏங்குவாளா? அவள் ஏங்கினாள். எவளாவது ஒருத்தி அவருக்கு வக்கணையாய் ஆக்கிப் போட்டிருந்தால் அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருப்பாள்.

"சாதாரணமா இவ்வளவு வித்தியாசம் வந்தா அந்த ஆளைக் கணக்குலேர்ந்து எடுத்துடுவோம்," என்றாள் டாக்டரம்மா. பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "அவர் சாப்பிடறதை நீங்க கண்ணால பாத்து எவ்வளவு நாளாச்சு அக்கா?"

ஊரில் உள்ளவர்கள் முந்தாநாள் தின்றதையெல்லாம் தோண்டியெடுத்தவளுக்குத் தன் புருஷன் கடைசியாக எப்போது தன் எதிரில் ஒரு வாய் மென்று விழுங்கினார் என்பது ஞாபகம் வரவில்லை. கண்ணை மூடிப் பார்த்தாள். கழுவிக் கவிழ்த்த தட்டுதான் வந்தது.

அங்கிருந்து நேராக டிப்போவுக்குப் போனாள். செருப்பு வார் அறுந்ததுகூடத் தெரியாமல் இழுத்துக்கொண்டே நடந்தாள். மத்தியானச் சாப்பாட்டு நேரம். வாசலில் கேட்டைக் காக்கிற கேட்டுக்காரர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு டப்பா. அவளுடைய டப்பா. மூடியில் அவள் ஊசியால் கீறிய கோலப்பொட்டு மாதிரியான அடையாளம்.

"வா தங்கச்சி!" என்று வாய் நிறையச் சோற்றோடு எழுந்தார் அவர். ஒளிக்கத் தோன்றவில்லை, பாவம், வெள்ளை மனசு. "உன்னைப் பாக்கணும்னே இருந்தேன். என்ன கைப்பக்குவம் உனக்கு! நேத்து அந்த முட்டை... என் சம்சாரம் போனதுக்கப்பறம் வீட்டுச் சாப்பாடுன்னா இதுதான். ஏன் தங்கச்சி, உப்பு மட்டும் கொஞ்சம் கூடப் போடேன்."

"எப்பலேர்ந்து அண்ணே?"

"என்ன எப்பலேர்ந்து?"

"எங்க வீட்டுக்காரர் டப்பாவை உங்களுக்குக் குடுக்கறது."

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கை டப்பாவில் அப்படியே நின்றது. "மழைக்காலத்துக்கு முன்னாடியே இருக்கும்... உனக்குத் தெரியும்னு நெனச்சேன். டயர்காரர் சொன்னாரு, வீட்ல ரெண்டு பேருக்குச் சேத்தே கட்டறாங்கன்னு." சோற்றைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "நான் வேணும்னே செய்யலம்மா. டப்பாவைக் கூட நான்தான் தேச்சுக் கழுவித் தருவேன்."

மரியாதையினால் கழுவிய டப்பா இல்லை அது.

டயர் கொட்டகையின் பின்பக்கம், அடுக்கி வைத்த பழைய டயர்களுக்கு நடுவில் அவர் உட்கார்ந்திருந்தார். கையில் ஒரு டம்ளர் பால். ஒரு வாய் குடிப்பார், கண்ணை மூடுவார், கழுத்தை நீட்டி நெஞ்சைத் தடவுவார். கொக்கு மீனை இறக்குகிற மாதிரி அந்தப் பாலை இறக்கினார். அவள் தள்ளி நின்று அதைப் பார்த்தாள். சட்டைக்குள் ஆளே இல்லை. ஹேங்கரில் மாட்டிய சட்டை மாதிரி இருந்தார். தினமும் ஒரே கட்டிலில் படுக்கிற மனுஷன்.

"சாப்ட்டீங்களா?" என்று கேட்டாள்.

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். வாய் தானாகச் சொன்னது. "ஆச்சு."

"என்ன சாப்ட்டீங்க?"

"சோறு, கீரை, பருப்பு..."

"எந்தத் தட்டுல?"

அவர் டம்ளரை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

"எந்தத் தட்டுலங்க சாப்ட்டீங்க? தட்டை யாரு எடுத்தா? மிச்சம் எங்க போச்சு? சொல்லுங்க. ஊர்ல ஒருத்தன் விடாமக் கேக்கறேனே, உங்களை மட்டும் கேக்காம விட்டேனே, பாவி! சொல்லுங்க!"

கொட்டகையில் சுத்தியல் சத்தம் நின்றது. அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"இறங்க மாட்டேங்குதும்மா," என்றார். "மொதல்ல முட்டை இறங்கல. அப்புறம் சோறு. ராத்திரிக்கு வச்சதைத் தெரு நாய்க்குப் போட்டேன். தொண்டைக்குக் கீழ ஏதோ உக்காந்திருக்கு."

"ஏன் சொல்லல?"

"சொன்னா என்ன செய்வே? ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போவே."

"பின்ன, சினிமாவுக்கா இழுத்துட்டுப் போவாங்க?"

அவர் சிரிக்கப் பார்த்தார். சிரிப்பும் இறங்கவில்லை. "எங்க அப்பாவுக்கும் இதேதான். குழாய் போட்டாங்க. அதுல ஊத்திக்கிட்டே இருந்தாங்க. ஒருநாள் பக்கத்துப் படுக்கைக்காரர், 'சாப்ட்டீங்களா'ன்னு கேட்டாரு. அப்பா என்ன சொன்னாரு தெரியுமா? 'ஊத்திட்டாங்க'ன்னாரு. சாப்பாடுன்னு சொல்லல. எனக்கு அது வேணாம். சாப்ட்டாச்சுன்னு சொல்லிட்டே போயிடறேன்."

"போயிடுவீங்க. நான்?"

அவள் அங்கேயே, கறுப்பு எண்ணெய்ப் பிசுக்குத் தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள். கேட்டுக்காரர் பாதி சாப்பிட்ட டப்பாவை மூடிக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார்.

ஆஸ்பத்திரியில் வாய் வழியாகக் குழலை விட்டுப் பார்த்தார்கள். பெரிய டாக்டர் படத்தை வெளிச்சத்தில் காட்டினார். அவளுக்கு அதில் ஒன்றும் புரியவில்லை, ஒரு கறுப்பு ஓட்டையைத் தவிர.

"உணவுக் குழாய்ல கட்டி. முக்கால்வாசி அடைச்சாச்சு. ரொம்பத் தாமதமா வந்திருக்கீங்க. வைத்தியம் பண்ணணும்னா அதைத் தாங்கற உடம்பு வேணும், இவர்கிட்ட அது இல்ல. முதல்ல வயித்துல நேரா ஒரு குழாய் வச்சு ஆகாரம் குடுக்கணும்."

"வச்சா பொழைச்சுக்குவாரா டாக்டர்?"

"வைக்கலன்னா வைத்தியத்தை ஆரம்பிக்கவே முடியாது. இப்போதைக்கு அது ஒண்ணைத்தான் என்னால உறுதியாச் சொல்ல முடியும்."

குழாய் வைக்க நாள் குறித்தார்கள். அவர் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. வீட்டில் அவள் கெஞ்சினாள், திட்டினாள், பேசாமல் இருந்தாள், மகளை விட்டுப் போனில் அழவைத்தாள். சுவரோடு முட்டிக்கொள்வதும் அவரோடு பேசுவதும் ஒன்றாக இருந்தது. பாலும் மெல்ல மெல்லத் திரும்பி வர ஆரம்பித்தது. ஒரு கிண்ணம் கஞ்சியை வடிகட்டி வைத்துக்கொண்டு, அவர் கழுத்தையே பார்த்தபடி எதிரில் உட்கார்ந்திருப்பாள். பார்க்காமல் விட்ட காலத்துக்கெல்லாம் சேர்த்துப் பார்த்தாள். பார்த்தால் இறங்கிவிடுமா?

குறித்த நாள் காலையில், எப்படியோ, அவரைச் சட்டை மாட்டிக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். நடைகூடத்து பெஞ்சில் உட்கார்ந்தார்கள். பினாயில் வாசனை. எதிரே ஒரு கதவு, அதன் மேல் ஒரு சிவப்பு விளக்கு. உள்ளே போன ஒருவர் தள்ளுவண்டியில் வெளியே வந்தார். சட்டைக்குள்ளிருந்து ஒரு மெல்லிய குழாய் நீட்டிக்கொண்டிருந்தது.

அவர் அதைப் பார்த்தார். எழுந்தார்.

"வா, போலாம்."

"உக்காருங்க."

"நான் வரலன்னு சொல்லிடு. நாளைக்கு வரேன்னு சொல்லு. என்ன வேணாலும் சொல்லு."

"நாளைக்கு உங்களை நடத்திக் கூட்டிட்டு வர முடியாது, தூக்கிட்டுதான் வரணும். கொஞ்சமாவது என் மேல இரக்கம் இருந்தா உக்காருங்க."

"இரக்கத்துனாலதான் சொல்றேன். வயித்துல ஓட்டையைப் போட்டு நீ ஊத்து, நான் கெடக்கறேன். எத்தனை நாளைக்கு? இவ்வளவு தூரம் வந்தப்புறம் அந்தத் தண்ணியை ஊத்தி என்னத்தைக் கிழிக்கப் போறோம்?"

அவள் பையை மடியில் இறுக்கிக்கொண்டு தரையைப் பார்த்தாள். நின்றபடியே அவர் அவளைப் பார்த்தார். உதடு வெடித்திருந்தது. கண்ணுக்குக் கீழே கரி பூசின மாதிரி இருந்தது. பஸ்ஸில் வரும்போது கம்பியைப் பிடித்தபடி ஒரு தடவை தள்ளாடினாளே, அது அவருக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"நீ சாப்ட்டியா?" என்று கேட்டார்.

"ஆச்சு."

"எந்தத் தட்டுல?"

அவள் நிமிர்ந்தாள்.

"கேக்கறேன்ல. எந்தத் தட்டுல சாப்ட்டே? நாலு தட்டும் காய்ஞ்சு போய்க் கவுந்து கெடக்கு. நேத்தும் அப்படித்தான் கெடந்துச்சு. நான் பாக்கலேன்னு நெனச்சியா?"

அவள் உடைந்தாள். சத்தமே வராமல் தோள் மட்டும் குலுங்கியது. அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். நடக்கக்கூடத் தெம்பில்லாத மனுஷன், கையை நீட்டி அவள் பையைத் திறந்தார். உள்ளே அவருடைய டப்பா இருந்தது. சோறு, பருப்பு, இரண்டு முட்டை. இன்றைக்கு அவர் வாயில் எதுவும் படக்கூடாது என்று எழுதியே கொடுத்திருந்தார்கள். அவளும் தெரிந்துதான் வந்தாள். ஆனாலும் காலையில் கை தன்பாட்டுக்கு எழுந்து கட்டிவிட்டது.

"லூசாடி நீ? யாருக்கு இது?"

"தெரியல."

மூடியைத் திருப்பி அவள் மடியில் வைத்தார். அதில் சோற்றைக் கொட்டினார். "இந்தத் தட்டுல சாப்பிடு. நான் பாக்கறேன்."

"நீங்க பாக்க நான் எப்படி..."

"தின்னுடி."

ஒரு வாய் வைத்தாள். கண்ணீரும் சோறுமாக மென்றாள். எதிரில் இருந்தவர்கள் பார்த்தார்கள், பார்க்காத மாதிரி இருந்தார்கள். அவர் அவளுடைய கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் விழுங்கும்போது அவருடைய தொண்டையும் கூடவே அசைந்தது. இன்னொரு வாய். முட்டையைப் பிட்டுக் கொடுத்தார்.

"இறங்குதா?" என்று கேட்டார்.

"ம்."

"எப்படி இருக்கு?"

"உப்பு கம்மி," என்றாள்.

"நான் எத்தனை தடவை சொன்னேன்." தின்னாமலேயே சொன்ன புகார் அது. இரண்டு பேருக்கும் அது தெரியும்.

கதவு திறந்தது. நர்ஸ் வந்து நின்றாள். கையில் அட்டையும் பேனாவும். அவர் முகத்தைக்கூடப் பார்க்காமல் கேட்டாள். உள்ளே போகிற எல்லாரிடமும் கேட்கிற கேள்வி.

"கடைசியா எப்ப சாப்ட்டீங்க ஐயா?"

அவர் வாயைத் திறந்தார். "ஆ" என்று அந்த வார்த்தை புறப்பட்டுவிட்டது. கேள்வியக்காவுக்குக் கேட்டது. மடியில் இருந்த மூடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். ஆச்சு என்று அவர் சொன்னால் போதும், இன்றைக்கு வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். அவர் ஆசைப்பட்டது அதுதான். எழுந்து போய்விடலாம். யாரையும் மறுக்க வேண்டியதில்லை.

அவர் வாயை மூடினார். அவள் மடியைப் பார்த்தார். பாதிச் சோறு அப்படியே இருந்தது.

"சாப்பிட்டு ரொம்ப நாளாச்சும்மா," என்றார் நர்ஸிடம்.

நர்ஸ் தலையை நிமிர்த்தினாள். பிறகு பேனாவைக் காதில் செருகிக்கொண்டு அவர் முழங்கையைப் பிடித்தாள். கதவுவரை போனவர் திரும்பி நின்றார்.

"மிச்சம் வைக்காதே," என்றார். "வந்து கேப்பேன்."

கதவு சாத்திக்கொண்டது. சிவப்பு விளக்கு எரிந்தது. கேள்வியக்கா மூடியிலிருந்த சோற்றை ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டாள். மென்றாள். மென்றுகொண்டே இருந்தாள். அது இறங்கவில்லை. தண்ணீர் பாட்டிலைத் தேடி எடுத்து ஒரு மடக்குக் குடித்து, கழுத்தை நீட்டி, நெஞ்சைத் தடவிக்கொண்டு இறக்கினாள். பிறகு அடுத்த கவளத்தை எடுத்தாள்.